பேட்டன்ட் தேதி பொறந்த தேதி இல்லீங்கண்ணா!

டிஸ்கி: அடியேன்கிட்ட துப்பாக்கி எதுவும் கிடையாது. சின்ன வயசுல தீபாவளிக்கு ரோல் கேப் வெடிச்சதோட சரி. ஆனா ஆணி புடுங்குற நேரம் போக, பழைய துப்பாக்கி ஏலக் கேட்டலாக் படிக்கிற வியாதி மட்டும் உண்டு :-)

மேட்டருக்கு வர்றேன். அமெரிக்காவுல பழைய ரிவால்வர் விக்கிறவங்க விளம்பரத்துல அடிக்கடி கண்ணுல படுற டயலாக் இதுதான்: "1871ல செஞ்ச கோல்ட். ஃபிரேம்லயே வருஷம் போட்டிருக்கு, போட்டோ பார்த்துக்கோங்க."

சரின்னு போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தா, 1871 செப்டம்பர் 19, 1872 ஜூலை 2, 1875 ஜனவரி 19னு மூணு தேதி வெட்டியிருக்கு. ஏன் சாமி, 1871ல செஞ்ச துப்பாக்கியில 1875 எப்படி வந்துச்சு? இரும்பு ஜோசியம் பார்த்துச்சா?

அதெல்லாம் காப்புரிமை வாங்கின தேதிங்க. நம்மாளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஒரு சாஃப்ட்வேர்ல முதல்ல பதிப்புரிமை வாங்கின வருஷத்தைப் பார்த்துட்டு, "இந்த பில்டே அந்த வருஷத்துதான்"னு சொல்ற கதை. கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மிங்கிற அந்த மாடல் வந்ததே 1873லதான். 1920கள்ல செஞ்ச துப்பாக்கியிலயும் இதே தேதிகளை வெட்டித்தான் அனுப்பினாங்க. அரை நூற்றாண்டு வித்தியாசத்தை ஒரே வரியில முழுங்கிடுறாங்க!

அப்ப வயசை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? சீரியல் நம்பர். இந்த மாடல்ல ஃபிரேமோட அடியில, ட்ரிகர் கார்டுல, பிடியோட பின்பட்டையிலனு பல இடத்துல இருக்கும். எல்லாம் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா ரெண்டு மூணு துப்பாக்கியைக் கலந்து கட்டின கதம்பம். அடுத்து, சிலிண்டர் சுத்துற அச்சைப் பிடிச்சு வைக்கிறது எதுன்னு பாருங்க. முன்பக்கத்துலேர்ந்து ஏறுற திருகாணியா இருந்தா பழைய அமைப்பு. பக்கவாட்டுல அமுக்குற ஸ்பிரிங் வச்ச குறுக்குப் பின்னா இருந்தா 1890கள்ல பரவலான புது அமைப்பு. அதுக்கும் மேல சந்தேகம் இருந்தா கோல்ட் கம்பெனியே காசு வாங்கிட்டுப் பழைய பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் தருது. எந்தத் தேதியில, யாருக்கு அனுப்பினோம்னு அதுல இருக்கும்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்கிறவங்க பண்ற கூத்து வேற ரகம். சிலிண்டரை வெளியே தள்ளினா, அதைத் தாங்குற கைக்குப் பக்கத்துல ஒரு நம்பர் தெரியும். உடனே "சீரியல் நம்பர் கிடைச்சிருச்சு"ன்னு விளம்பரத்துல போட்டுடுவாங்க. பல துப்பாக்கிகள்ல அது தொழிற்சாலையில பாகங்களைச் சேர்க்குறதுக்காகப் போட்ட நம்பர். அந்தக் காலத்து நிஜ சீரியல் நம்பர் பிடியோட அடிப்பக்கம் இருக்கும். அதே இடுக்குல 'மாடல் 10' மாதிரி மாடல் எண் வெட்டியிருந்தா, அந்தத் துப்பாக்கி 1957க்கு முந்தினது இல்ல. அந்த வருஷம்தான் மாடல்களுக்கு எண் வச்சாங்க. அதைப் போய் "இரண்டாம் உலகப்போர்ல எங்க தாத்தா சுமந்தது"ன்னு விக்கிறவங்களை என்னன்னு சொல்றது?

"விடுய்யா, பொழுதுபோக்குதானே, பத்து வருஷம் முன்ன பின்ன இருந்தா குடியா முழுகிடும்?"னு கேப்பீங்க. முழுகும். அமெரிக்காவோட 1968ம் வருஷத்துத் துப்பாக்கிச் சட்டப்படி 1898லயோ அதுக்கு முன்னாடியோ செஞ்சது 'ஆன்டிக்'. மத்திய அரசோட விற்பனைக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் அதுக்குக் கிடையாது. மாநிலச் சட்டம் தனி. 1899ல செஞ்சதுன்னா கதையே வேற. பேட்டன்ட் தேதியை நம்பி 1920கள் துப்பாக்கியை ஆன்டிக்னு வாங்கினவன், காசையும் விட்டு, சட்டத்துலயும் மாட்டுவான். எழுதினவன் "எனக்குத் தெரியாதுங்க"ன்னு கழண்டுக்குவான்.

என் கோபம் எங்கன்னா, மூணு தனித்தனிக் கேள்வியை ஒண்ணாக் குழப்புறாங்க. இது என்ன மாடல்? எப்ப செஞ்சது? யார்கிட்ட இருந்தது? முதல் கேள்விக்கு இரும்பே பதில் சொல்லும். ரெண்டாவதுக்கு நம்பரும் பதிவேடும் சொல்லும். மூணாவதுக்குப் பத்திரம் இல்லாம பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது.

2019 ஜூன்ல பாரிஸ்ல ஒரு துருப்பிடிச்ச லெஃபோஷோ ரிவால்வர் ஏலம் போச்சு. 1890ல வான்கோ தன்னைச் சுட்டுக்கிட்டது இதாலதான் இருக்கலாம்னு சொன்னாங்க. ஓவேர் கிராமத்து வயல்ல 1960கள்ல கிடைச்சது. காலிபர் 7 மில்லிமீட்டர், அதுவும் பொருந்துது. ரொம்ப காலம் மண்ணுல கிடந்ததும் உறுதி. ஆனா வான்கோ கையில இருந்ததுக்கு ஆதாரம்? இல்ல. ஏலக்காரங்களே 'இருக்கலாம்'னுதான் சொன்னாங்க. அந்த நேர்மையைப் பாராட்டுறேன். ஆனாலும் 1,62,500 யூரோவுக்குப் போச்சு. தெரிஞ்சே 'இருக்கலாம்'முக்குக் காசு கொடுத்தா அது அவர் இஷ்டம். "இருக்கலாம்"னு சொல்ல வேண்டிய இடத்துல "ஆமா"ன்னு எழுதி விக்கிறதுக்குப் பேர் திருட்டு.

தாத்தா கதை நல்லா இருந்தா உக்காந்து கேளுங்க. காசை எடுக்குறதுக்கு முன்னாடி மட்டும், துப்பாக்கி காலியா இருக்கான்னு பார்த்துட்டு, திருப்பி அடியில என்ன நம்பர் இருக்குன்னு பாருங்க சாமிகளா!