சினிமா டிக்கெட் தளம் 'ஈஸி' ஆவது எப்போது? கடைசிப் பக்கத்தில்தான் இருக்கு விஷயம்!

ஆரல்வாய்மொழியில் இருந்து பஸ் ஏறி நாகர்கோவில் போய் 'ஹவுஸ்ஃபுல்' போர்டைப் பார்ப்பதைவிட, மொபைலில் டிக்கெட் போடுவது நிம்மதி. ஆனால், சீட் தேர்வு செய்து கடைசிப் பக்கம் வந்ததும் தொகை கூடுகிறதே, ஏன்?

கூடுவது எது?

டிக்கெட் விலையோடு இணையச் சேவைக் கட்டணமும், அதற்கான ஜிஎஸ்டியும் சேர்கின்றன. இந்தக் கட்டணத்துக்குத் தடை விதித்த மகாராஷ்டிர அரசின் ஆணைகளை, 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆக, கட்டணம் வாங்குவதல்ல, கடைசி வரை மறைப்பதுதான் சிக்கல்.

விதி என்ன?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. முழு விலையை முதலிலேயே சொல்லாததும், கேட்காமலே நன்கொடையைச் சேர்ப்பதும் அதில் அடக்கம்.

அப்போ, எது எளிமை?

புது நிறமும் பெரிய போஸ்டரும் மட்டும் போதாது. சீட் தேர்வு செய்யும் இடத்திலேயே மொத்தத் தொகை தெரியணும். நன்கொடைக் கட்டத்தில் நாம்தான் டிக் போடணும். எல்லாமே தமிழிலும் இருக்கணும்.

நீங்கள் செய்ய வேண்டியது?

பணம் கட்டும் முன் தொகையை விரித்துப் பாருங்கள். கேட்காதது சேர்ந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.