பாதுகாவலர் கையொப்பம்

சமுதாயக் கல்லூரியில் சேர என்ன வேண்டும் என்று கேட்டால், பத்தாவதோ பன்னிரண்டாவதோ தேறியிருந்தால் போதும், வயது ஒரு தடையில்லை என்பார்கள். விளம்பரத் தட்டியிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். அதை நம்பிப் படிவம் வாங்கும் பெண், இரண்டாம் பக்கத்தைத் திருப்பும்போதுதான் மீதி நிபந்தனைகளைப் பார்க்கிறாள். அசல் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், கடைசியில் பெற்றோர் அல்லது கணவர் கையொப்பம். படிப்புக்கான தகுதி முதல் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. இரண்டாம் பக்கம் கேட்பது ஒன்றுதான்: நீ யார் வீட்டுப் பெண்?

இந்தக் கல்லூரிகள் யாருக்காக வந்தன என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையிலும் ஒன்று வந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள், ஏழைகள், கிராமத்தார், குறிப்பாகப் பெண்கள், இவர்களுக்குக் குறைந்த செலவில் ஒரு பட்டயமும் கையில் ஒரு தொழிலும் தர வேண்டும் என்பதே நோக்கம். வழக்கமான கல்லூரி யாரை வெளியே நிறுத்தியதோ அவர்களை உள்ளே அழைக்கப் பிறந்த கல்லூரி இது. ஆனால் வாசலில் வைத்திருப்பதோ, அப்பா விரலைப் பிடித்துக்கொண்டு வரும் பதினேழு வயதுப் பிள்ளைக்காக எழுதிய அதே பழைய படிவம்.

எங்கள் ஊர் மகளிர் குழுப் பெண்களுக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். தையல், மழலையர் கல்வி, செவிலியர் உதவியாளர், கணினி என்று ஏதாவது ஒன்றைப் படிக்க முப்பது வயதுக்கு மேல் துணிந்து வருகிறவர்கள். அவர்கள் தேர்வுக்குப் பயப்பட்டு நான் பார்த்ததில்லை. காகிதத்துக்குத்தான் பயப்படுகிறார்கள்.

மாற்றுச் சான்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடிந்த கையோடு கல்யாணம் ஆன பெண்ணின் சான்றிதழ் பிறந்த வீட்டுப் பீரோவில் இருக்கும். மழையில் நனைந்திருக்கும், குடிசையோடு எரிந்திருக்கும். சாதி மாறிக் கல்யாணம் செய்தவள் என்றால், வீட்டார் அதைப் பூட்டி வைத்திருப்பார்கள், அல்லது கிழித்துப் போட்டிருப்பார்கள். மகள் தப்பிவிட்டாலும் அவள் படிப்பு தங்கள் கையில் இருக்கட்டும் என்ற எண்ணம். அந்தத் தகப்பனின் கோபத்துக்குக் கல்லூரியும் துணை போகலாமா? குழந்தைகளுக்கான கட்டாயக் கல்விச் சட்டம் 2009, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று 5ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரை பிள்ளைக்குக் கிடைக்கும் அந்த நியாயம் அவள் தாய்க்கு ஏன் கிடையாது?

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அப்பாவின் தலைப்பெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவரின் தலைப்பெழுத்து. இரண்டும் பொருந்தவில்லை, திருத்திக்கொண்டு வா என்கிறார்கள். இ-சேவை மையத்துக்கு அலைவதற்குள் சேர்க்கைக்குக் கடைசித் தேதி போய்விடுகிறது. அவள் பெயர் மாறவில்லை. அதற்கு முன்னால் நிற்கும் ஆணின் எழுத்துதான் மாறியிருக்கிறது. அந்தச் சுமையை அவள் தலையில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது கையொப்பம். போன ஆண்டு முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவருடன் ஒரு கல்லூரிக்குப் போனேன். "வீட்டுக்காரரை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கம்மா" என்றார் அலுவலர். அவர் பிரிந்துபோய் எட்டு வருடம் ஆகிறது. "அப்ப அப்பா?" இறந்துவிட்டார். "அண்ணன் தம்பி?" இல்லை. கடைசியில் அவரது பத்தொன்பது வயது மகன் வந்து கையெழுத்துப் போட்டான். பெற்று, தனியாளாக வளர்த்து, படிக்கவும் வைத்த தாய்க்கு அவன் பாதுகாவலன் ஆனான். அலுவலர் முகத்தில் ஒரு சிறு கூச்சமும் இல்லை. எனக்குத்தான் காது சுட்டது.

பதினெட்டு வயது நிரம்பியவர் மேஜர் என்பது 1875ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. அந்தப் பெண் ஓட்டுப் போடலாம், ஊராட்சித் தலைவராகலாம், குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போடலாம். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் பிள்ளைக்கு இயற்கைப் பாதுகாவலராகச் செயல்பட முடியும் என்றது. பிள்ளைக்குப் பாதுகாவலராக இருக்கக்கூடியவள் தனக்கு இருக்கக் கூடாதா?

"பெண்களின் பாதுகாப்புக்காகத்தானே கேட்கிறோம்" என்பார்கள். யாருடைய பாதுகாப்பு? நாளைக்குப் புருஷன் வந்து வாசலில் சத்தம் போட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். நிர்வாகம் தன்னைக் காத்துக்கொள்ள அவளைக் கொண்டுபோய் அவனிடம் அனுமதி கேட்க வைக்கிறது. அதே வயது ஆணிடம் "சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. போலிச் சான்றிதழைத் தடுக்க வேண்டாமா என்றும் கேட்பார்கள். தடுக்கட்டும். மதிப்பெண்ணைத் தேர்வுத் துறையிடம் சரிபார்க்கட்டும். புருஷன் கையெழுத்து எந்தப் போலியைத் தடுக்கும்?

நாம் கேட்பது பெரிய காரியமில்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றச் சான்றிதழ்களுக்குப் படிப்பு முடியும்வரை அவகாசம் கொடுங்கள். தலைப்பெழுத்து மாறியிருந்தால் அவள் எழுதித் தரும் உறுதிமொழியை ஏற்றுக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது தாண்டியவர்களின் படிவத்திலிருந்து பாதுகாவலர் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

அவர்களாக எடுக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மாணவிகளே, தோழிகளே, அடுத்த முறை உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ படிவம் நிரப்பும்போது அந்தக் கட்டத்தில் விண்ணப்பிப்பவரின் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். பதில் சொல்ல அவர்களுக்கு முப்பது நாள் உண்டு. ஒருத்தி கேட்டால் ஓரமாக உட்கார் என்பார்கள். ஒரே கல்லூரியில் பத்துப் பேர் கேட்டால் அடுத்த ஆண்டுப் படிவத்தை அச்சிடும் முன் யோசிப்பார்கள்.