டர்போ போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை

மோனோரெப்போன்னு சொன்னதுமே டர்போரெப்போவா, என்எக்ஸான்னு பட்டிமன்றம் ஆரம்பிச்சிடறாங்க நம்ம பொட்டி தட்டுற மக்கள். என் கட்சி வேற. மூணு பேக்கேஜ், ரெண்டு ஆளுன்னா ரெண்டுமே வேண்டாம். பிஎன்பிஎம்ல '-ஆர்' போட்டு ஓட்டினா, எது எதை நம்பியிருக்குன்னு பார்த்து அதுவே வரிசையா பில்ட் பண்ணிடும். (என்பிஎம் வொர்க்ஸ்பேஸ் நாம எழுதி வெச்ச வரிசையில தான் ஓட்டும். மாவு அரைக்கறதுக்கு முன்னாடியே இட்லி ஊத்தும்!)

சரி, எப்போ தான் தேவை? ஒரு பட்டன் கலரை மாத்தினதுக்கு பன்னிரண்டு பேக்கேஜும் திரும்ப பில்ட் ஆகும்போது. மத்தளம்பாறைக்கு 2011-ல ஜோஹோ வந்ததுக்கு அப்புறம் நம்ம பக்கத்துல உக்காந்து கோட் எழுதறது அதிசயமில்ல. ஆனா சங்கரன்கோவில்ல மாதாந்திர பராமரிப்புன்னு கரண்ட்டை நிறுத்தற அன்னிக்கு, லேப்டாப் பேட்டரியில முழு பில்ட் ஓட்டிப் பாருங்க, கேஷோட அருமை புரியும்.

இது ஒண்ணும் புது வித்தை இல்லீங்க. 1976-ல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதின 'மேக்' செஞ்சதும் இதே வேலை தான். அது ஃபைலோட நேரத்தைப் பார்த்துச்சு, இதுங்க உள்ளடக்கத்தை ஹேஷ் போட்டுப் பார்க்குது. ஹேஷ் மாறலன்னா பழைய அவுட்புட்டை அப்படியே எடுத்து வெச்சிடும்.

வம்பே அங்க தான். டர்போ நாம ஒண்ணும் சொல்லலன்னா, கிட்இக்னோர்ல இருக்கிற ஃபைலை ஹேஷ்ல சேர்க்காது. நம்ம '.என்வ்' ஃபைல் எங்க இருக்கும்? கரெக்ட், கிட்இக்னோர்ல! நண்பர் ஒருத்தர் டீம்ல டெஸ்ட் சர்வர் முகவரியை லைவ் முகவரியா மாத்திட்டு பில்ட் கொடுத்தாங்க. ஒரே செகண்ட்ல 'கேஷ் ஹிட்'. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். நிஜ கஸ்டமரோட ஆர்டரெல்லாம் ராத்திரி முழுக்க டெஸ்ட் டேட்டாபேஸ்ல போய் விழுந்துச்சு. 'இன்புட்ஸ்'ல '.என்வ்'வை ஒரு வரி சேர்த்திருந்தா போதும்.

ரிமோட் கேஷ் போடறவங்களுக்கு இன்னொண்ணு. படிக்கற உரிமையை எல்லாருக்கும் கொடுங்க, எழுதற உரிமையை சிஐ மெஷினுக்கு மட்டும் கொடுங்க. 2025 ஆகஸ்ட்ல என்எக்ஸ் பேக்கேஜ்லயே விஷத்தைக் கலந்து டோக்கனெல்லாம் திருடினாங்களே, அதைப் பார்த்ததுக்கு அப்புறமும் கண்டவங்க மெஷின்ல பில்ட் ஆனதை லைவ்ல ஏத்த எனக்கு தைரியம் இல்ல.

டிஸ்கி: 'இன்புட்ஸ்' மாத்தினதும் முதல் பில்ட் ஆமை வேகத்துல தான் ஓடும். போய் டீ குடிச்சிட்டு வாங்க :-)