விடியுமுன் ஒரு வெள்ளை போர்டு வண்டி

பெறுநர்: சென்னை மாநகரப் பேருந்து வழித்தடங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகள்
பொருள்: பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் தொழிலாளர்களுக்கு அதிகாலை, பின்னிரவுப் பேருந்துகள் கோருதல்

வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் சமர்ப்பிக்கப்படும் மனு.

அதிகாலை 4.30 மணி. பெரும்பாக்கம் நிறுத்தத்தில் சங்க உறுப்பினர் ஒருவர் வயர்கூடையோடு நிற்கிறார். மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் அவருக்கு வேலை. முதல் வீட்டில் 6.30 மணிக்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். வெகுநேரம் கழித்து வருவது டீலக்ஸ் வண்டி. ஏறினால் டிக்கெட்டுக்குக் காசு. ஏறாமல் விட்டால் அந்த வீட்டு வேலை கைவிட்டுப் போகும். கூடைக்குள் இருக்கும் சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டு ஏறுகிறார்.

கண்ணகி நகரில் 2000-ஆம் ஆண்டு முதல் குடியேற்றம் நடந்தது. 2004 சுனாமிக்குப் பின் கடலோரக் குடும்பங்கள் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் வந்து சேர்ந்தன. வீடு மாறியது, வேலை மாறவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் நடந்தே வேலைக்குப் போனவர்கள் இன்று அதே தெருவுக்குச் சுமார் 25 கிலோமீட்டர் பயணம் செய்கிறார்கள். மீன் விற்கும் பெண்களின் நிலை இன்னும் மோசம்: ஏலத்துக்கு இருட்டிலேயே போய்ச் சேர வேண்டும், திரும்பும்போது அன்னக்கூடையைப் பார்த்ததும் வண்டி நிற்காமல் போகிறது.

2021 மே மாதம் முதல் வெள்ளை போர்டு மாட்டிய சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. உழைக்கும் பெண்களின் கையில் காசு தங்க வழிசெய்த திட்டம் அது. சங்கம் அதை மனதார வரவேற்கிறது. ஆனால் வண்டி வந்தால்தானே அந்தச் சலுகை? வெள்ளை போர்டு வராத வேளையில் மிச்சப்பட்ட காசு ஷேர் ஆட்டோவுக்குப் போய்விடுகிறது.

இரவு நிலைமையும் இதுதான். காவலாளிகள் பலருக்கு 8 மணிக்கு ஷிப்டு மாறுகிறது. ஓட்டலில் பாத்திரம் கழுவுவோர் கடை அடைத்த பிறகே கிளம்ப முடியும். வீடுவரை வண்டி இல்லாததால் சோழிங்கநல்லூர் சிக்னலில் இறங்கி, ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை காத்திருந்து வீடு சேர்கிறார்கள்.

எனவே, அதிகாலை 4 மணி முதல் 6 மணி வரையிலும் இரவு 9 மணிக்கு மேலும் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் அவற்றுக்கும் சாதாரணக் கட்டணப் பேருந்துகளைக் கூடுதலாக இயக்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது. மயிலாப்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நேரடி வண்டி தேவை. வேளச்சேரி ரயில் நிலையத்துக்குச் சிற்றுந்து விட்டால் பறக்கும் ரயிலைப் பிடிக்கலாம். மீன்கூடைக்குத் தடை சொல்லக்கூடாது என நடத்துநர்களுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டும். நிறுத்தங்களில் விளக்கும், வண்டி வரும் நேரம் தமிழில் எழுதிய பலகையும் வேண்டும்.

கால அட்டவணையை முடிவு செய்யுமுன் அதிகாரி ஒருவர் ஒருநாள் அதிகாலை 4.30 மணிக்குப் பெரும்பாக்கம் நிறுத்தத்துக்கு நேரில் வர வேண்டும். எந்த நாள் என்று தெரிவித்தால் சங்க உறுப்பினர்கள் அங்கே காத்திருப்பார்கள்.