பவளமல்லி என்றே எழுதுவோம்

கொல்கத்தாவின் நியூ டவுனில் ஷியூலி என்றும், நம் ஊரில் பவளமல்லி என்றும் வழங்குவது ஒரே மரம்தான். மேற்கு வங்கத்தின் மாநில மலரான அது, துர்கா பூஜைக் காலத்தில் மாலையில் விரிந்து விடியலில் உதிர்கிறது. ஷியூலி, சேஃபாலிகா என்ற வடசொல்லின் வழிவந்தது. 1753இல் லின்னேயஸ் சூட்டிய அறிவியல் பெயருக்கோ 'இரவில் பூக்கும் சோக மரம்' என்று பொருள். பூவைப் பார்த்து வைத்த பெயர் தமிழில் இருக்கிறது. உதிர்ந்ததைக் கையிலெடுத்தால் வெள்ளை இதழ்களுக்குக் கீழே பவள நிறத்தில் சிறு குழல் தெரியும். துணிக்குச் சாயமேற்றவும் அது பயன்பட்டது. மரங்களின் பெயர்ப்பலகைகளில் பவளமல்லி என்ற பெயரே முதலில் வரவேண்டும்.

இதே மரத்துக்கு வழங்கும், புராணப் பெருமையுள்ள பாரிஜாதம் என்ற பெயர் போதாதா என்பார்கள். பூஜையறையில் அப்படியே சொல்லட்டும், தவறில்லை. ஆனால் உத்தரப் பிரதேசத்தின் கிண்டூரில் பாரிஜாதம் என்று வணங்கப்படுவது ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெரும் பாவோபாப் மரம். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நாற்றுப்பண்ணையில் அந்தப் பெயரை மட்டும் நம்பி எப்படிக் கன்று வாங்குவது? இது மல்லிகையே இல்லையே என்பது இன்னொரு மறுப்பு. பேரினம் வேறுதான். ஆனால் ஒரு காலத்தில் இதை வேறு குடும்பத்தில் வைத்த தாவரவியலாளர்கள், இன்று மல்லிகை அடங்கிய ஒலியேசியே குடும்பத்திலேயே சேர்க்கிறார்கள். 'மல்லி' என்றழைத்த நம் மக்களின் கண் பிசகவில்லை.