தாத்தாவின் இரும்புப் பெட்டியைக் குடிமாற்றுவது எப்படி?

கேள்வி: "ராஜபாளையத்தில் உள்ள பூர்வீக வீட்டை விற்றுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மம்சாபுரம் சாலையில் உள்ள தோட்டத்து வீட்டுக்குக் குடிபோகிறோம். தாத்தா காலத்து இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஐந்தடி உயரம், இரண்டடிக்கு இரண்டடி. தோட்டத்து வேலைக்கு வருகிறவர்கள், 'நாலு பேர் போதும் அண்ணாச்சி, கயிறு கட்டித் தூக்கிருவோம்' என்கிறார்கள். இதற்கென்று தனி ஆட்களை அமர்த்த வேண்டுமா? புது வீட்டில் மாடியறையில் வைக்கலாமா? உள்ளே அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கியும் கொஞ்சம் தோட்டாக்களும் இருக்கின்றன. அப்பா சென்ற ஆண்டு காலமாகிவிட்டார்."

- வாசகர் ஒருவர், ராஜபாளையம்

பதில்: கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பெட்டி இன்னும் ஒரு மாதம் பழைய வீட்டிலேயே இருந்தாலும் குற்றமில்லை. துப்பாக்கி அப்படி இருக்கக் கூடாது.

துப்பாக்கி உரிமம் என்பது வீட்டுக்கோ குடும்பத்துக்கோ தரப்படுவதில்லை. ஒரு ஆளுக்குத் தரப்படுவது. அப்பாவின் பெயரில் இருந்த உரிமம் அவரோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பது, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும், உரிமமில்லாத ஆயுதத்தை வைத்திருப்பதாகவே கணக்கு. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 21-வது பிரிவில் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. எந்தக் காரணத்தாலோ வைத்திருக்கும் உரிமை போய்விட்டால், வீண் தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். சாவு வீட்டுத் துக்கத்தில் இது மறந்துபோவது சகஜம்தான். ஓராண்டு கடந்துவிட்டதே என்று பயந்து மூடி மறைப்பதுதான் தப்பு. இறப்புச் சான்றிதழின் நகலையும் அப்பாவின் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் வெறுங்கையோடு காவல் நிலையத்துக்குப் போய் எழுத்தில் தெரிவியுங்கள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டு நேராகப் போய் இறங்காதீர்கள். வழியில் யாராவது நிறுத்தினால் உங்களிடம் காட்டத் தாள் ஒன்றும் இருக்காது.

ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் குறித்த ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைத்ததாலேயே அது கைவிட்டுப் போய்விடாது. வாரிசுகளில் ஒருவர் தம் பெயரில் உரிமம் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் கேட்பார்கள். வேண்டாம் என்றால், உரிமம் உள்ளவருக்கோ வியாபாரிக்கோ முறைப்படி விற்றுப் பணமாக்கிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ரசீதை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துவிட்டால், குறித்த காலத்துக்குப் பிறகு அது அரசுக்குப் பறிமுதலாகிவிடும்.

உங்கள் பகுதிக்கென்று இன்னொரு சங்கதி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் 1988-லிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 34-வது பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிதாகத் துப்பாக்கி உரிமம் தர வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். மம்சாபுரம் சாலைத் தோட்டம் அந்தச் சுற்றளவுக்குள் வரும். எனவே புது முகவரியில் விண்ணப்பித்தால் காலம் பிடிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். காட்டுப்பன்றி விரட்ட இந்தத் துப்பாக்கி உதவும் என்ற நினைப்பு இருந்தால் அதையும் இப்போதே விட்டுவிடலாம். பன்றியைச் சுடுவது வனத்துறையின் வேலை. விவசாயி தன் துப்பாக்கியால் சுட்டால் வழக்கு அவர் மேல்தான் வரும்.

அப்பா உயிரோடு இருந்து, உரிமம் நடப்பில் இருக்கிற குடும்பங்களும் வீடு மாறுவதுண்டு. அவர்களுக்கு விதி வேறு. முப்பது நாளுக்கு மேல் வேறு முகவரியில் துப்பாக்கியோடு குடியிருக்கப் போனால், போன முப்பது நாளுக்குள் உரிமம் தந்த அதிகாரிக்கும், புது இடம் வேறு அதிகாரியின் எல்லையில் இருந்தால் அவருக்கும் தெரிவிக்க வேண்டும். துப்பாக்கியை உரிமதாரரே, தோட்டா இறக்கி, உறையில் போட்டு, உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொண்டுபோக வேண்டும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டி லாரிக்காரரிடம் ஏற்றிவிடுவது கூடாது. சாவி உங்கள் மடியில் இருந்தாலும் ஆயுதம் அவர் வண்டியில் போகிறது. எழுபது வயதைத் தாண்டிய உரிமதாரர், தாம் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கவும் வழியிருக்கிறது. இந்தக் கடிதத்தில் உள்ள சிக்கல் மற்ற வீடுகளில் வராமலிருக்க அதுவே நல்லது.

இனி பெட்டிக்கு வருவோம். நாலு பேர் போதுமா என்பதை வாயால் சொல்ல வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு சதுர அடி இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ 730 கிராம் இருக்கும். உங்கள் பெட்டியின் ஆறு முகங்களும் சேர்ந்தால் 48 சதுர அடி. தகடு 6 மில்லிமீட்டர் என்றால் வெளிக்கூடு மட்டும் 210 கிலோ. பழைய பெட்டிகளில் தீப்பிடித்தாலும் உள்ளே சூடேறாமலிருக்க இரண்டு தகடுகளுக்கு நடுவே கான்கிரீட் மாதிரியான கலவையை அடைத்திருப்பார்கள். அது இரண்டு அங்குலக் கனத்தில் இருந்தால் சுமார் ஏழு கன அடி. கன அடிக்கு 65 கிலோ வீதம் 450 கிலோவுக்கு மேல். உள்தகடு, தட்டு, பூட்டு எல்லாம் சேர்த்தால் 700 கிலோவைத் தொடும். ராஜபாளையத்து ஆட்களுக்குப் புரிகிறபடி சொன்னால், நாலு பஞ்சுப் பேல் எடை, இரண்டடி சதுரத்துக்குள். உங்களுடையதில் அடைப்பு இருக்கிறதா என்று கதவின் கனத்தைப் பார்த்தாலே தெரியும். கதவு விரல் கனம்தான் என்றால் வெறும் தகட்டுப் பெட்டி, 250 கிலோ போல. கை கனம் என்றால் மேலே சொன்ன கணக்கு.

நெல் மூட்டை நழுவினால் விலகிக்கொள்ளலாம். இந்தப் பெட்டி சரிந்தால் அதைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பவரின் காலோ இடுப்போ போய்விடும். கயிறு கட்டித் தூக்குவதில் உள்ள ஆபத்தும் அதுதான். நாலு பேரில் ஒருவர் கை வழுக்கினாலும் எடை முழுக்க மற்றவர் மேல் சாயும். படிக்கட்டில் கீழே நிற்பவருக்கு ஓட இடமும் இருக்காது. தோட்டத்து வேலைக்கு வருகிறவர்கள் உங்கள் மேல் உள்ள மரியாதையில் சரி என்றுதான் சொல்வார்கள். அவர்களை இதில் இழுக்க வேண்டாம்.

ஆகவே, ஆம், தனி ஆட்கள்தான் வேண்டும். ஆனால் வீட்டுச் சாமான் மாற்றித் தரும் நிறுவனங்கள் எல்லாமே இதற்குத் தகுந்தவை அல்ல. பீரோ, ஃப்ரிட்ஜ், கட்டில் கட்டுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். முக்கால் டன் இரும்பு வேறு வேலை. உங்களுக்கு இதில் ஒரு சவுகரியம் இருக்கிறது. ராஜபாளையம் நூற்பாலை ஊர். மில்லில் இயந்திரத்தை இடம் மாற்றி நிறுத்துகிற குழுக்கள் சுற்றுவட்டாரத்தில் உண்டு. செயின் பிளாக், ஜாக்கி, பாலட் டிராலி, இரும்பு உருளை, தேக்குப் பலகை எல்லாம் அவர்களிடமே இருக்கும். மில்லில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் ஆள் காட்டுவார்கள்.

தொலைபேசியில் விலை பேசாதீர்கள். வந்து பெட்டியைப் பார்த்து, வாசல் அகலம், படி, திருப்பம், தெருவில் வண்டி நிற்கும் இடம், புது வீட்டு வாசல் இத்தனையும் அளந்துவிட்டுக் கூலி சொல்பவரை நம்பலாம். "எவ்வளவு எடை?" என்று அவர் கேட்கவே இல்லையென்றால் அடுத்த ஆளைப் பாருங்கள். கூலி, வண்டி வாடகை, தரையோ சுவரோ உடைந்தால் யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆட்கள் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்த அட்டை வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். விபத்து நடந்தால் அவர்கள் குடும்பத்துக்கு உதவி கிடைக்க அது வேண்டும். பெட்டிக்குள் என்ன இருந்தது, என்ன இருக்கப்போகிறது என்ற பேச்சை மட்டும் அவர்கள் முன் எடுக்காதீர்கள்.

வேலை நாளுக்கு முன்பே பெட்டி காலியாக இருக்க வேண்டும். நகை, பத்திரம், பட்டா எல்லாம் தற்காலிகமாக வங்கி லாக்கருக்குப் போகட்டும். உள்தட்டுகளையும் இழுப்பறைகளையும் கழற்றிவிடுங்கள். பெட்டியைத் தரையோடு போல்ட் போட்டிருந்தால் அது உள்ளேயிருந்துதான் கழலும். சாவி தொலைந்த பெட்டி என்றால் பூட்டுக்காரரை முன்கூட்டியே அழைத்துத் திறந்துவிட வேண்டும். பிறகு கதவைப் பூட்டி, மேலே பெல்ட் சுற்றிக் கட்ட வேண்டும். பாதி வழியில் கதவு திறந்துகொண்டால் பெட்டி கதவுப் பக்கமே கவிழும். கதவுப் பக்கம் கனம் கூடுதல் என்பதால் எப்போதும் முதுகுப் பக்கமாகத்தான் சாய்க்க வேண்டும்.

தெரிந்த குழு பெட்டியைத் தூக்குவதே இல்லை. கடப்பாரையால் ஒரு ஓரத்தை விரல் அளவு நெம்பி, பலகை செருகி, மறு ஓரத்தையும் அப்படியே செய்து, அடியில் உருளைகளைக் கொடுத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்துவார்கள். ஒருவர் குரல் மட்டும்தான் கேட்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆடிப்பூரத்தில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற சிலர் கையில்தான். இங்கேயும் இழுக்க ஆள் கிடைப்பது சுலபம். ஒவ்வொரு அடிக்கும் ஆப்பு வைக்கத் தெரிந்தவர்தான் முக்கியம். மொசைக், டைல்ஸ் தரையில் உருளையை நேராக ஓட்ட விடாதீர்கள், பலகை விரித்துத்தான் ஓட்ட வேண்டும். பெட்டி நகரும்போது குழந்தைகளும், வேடிக்கை பார்க்கிற உறவினர்களும் வெளியே இருக்கட்டும்.

வண்டிக்குக் குட்டியானை போதுமா என்றால், ஆர்.சி.யில் மொத்த எடைக்கும் வெற்று எடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 700 கிலோ பெட்டியும் ஆட்களும் கருவிகளும் சேர்ந்தால் அது பெரும்பாலும் பற்றாது. ஒரு படி பெரிய வண்டியே நல்லது. மூன்றடி உயரத் தட்டுக்கு ஏற்றப் பன்னிரண்டடிப் பலகை போட்டால், எடையில் கால்பங்கு, அதாவது 175 கிலோ இழுவையும் உராய்வும்தான் தாங்க வேண்டியிருக்கும். அதையும் கையால் இழுக்காமல் செயின் பிளாக்கில் இழுப்பார்கள். தெருவில் இடமிருந்தால் ஹைட்ரா கிரேன் அதைவிட எளிது. வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்சுவரோடு ஒட்டி நிறுத்தி, இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று கட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. வேகத்தடையில் பிரேக் போட்டால் அத்தனை எடையும் ஓட்டுநரை நோக்கித்தான் வரும்.

மாடியறை வேண்டவே வேண்டாம். குடியிருப்பு வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது சதுர அடிக்குப் பத்தொன்பது கிலோ போலத் தாங்குமாறுதான் கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். உங்கள் பெட்டி நிற்கிற நாலு சதுர அடியில் சதுர அடிக்கு 175 கிலோ இறங்கும். கீழ்த்தளத்தில், இரண்டு சுவர் சேரும் மூலையில், மண் நன்றாக இறுகிய தரையில் வையுங்கள். குளியலறைச் சுவரும் மலைப்பக்கத்துச் சாரல் அடிக்கிற சுவரும் ஆகாது. அடியில் துரு ஏறும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

நிறுத்தியபின் குழுவை உடனே அனுப்பிவிடாதீர்கள். ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கனமான கதவு இழுத்துக்கொண்டு, பூட்டின் நாக்கு துளையில் நேராக விழாது. பூட்டு கெட்டுவிட்டது என்று எண்ணெய் விட்டு, சாவியை முறுக்கி உடைத்தவர்கள் நிறையப் பேர். அடியில் மெல்லிய தகடு செருகி மட்டம் பார்த்தாலே கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு மீதிக் கூலியைக் கொடுங்கள்.