தவறணைக்கு போட்டோ இல்லை

"பழைய நுவரெலியா" என்று யாராவது படம் போட்டால் நாங்களும்தான் பார்க்கிறோம். 1876இல் தொடங்கிய ஹில் கிளப், தரவளையில் துரைமார் கூடிய கிளப். கீழே ஒரு கமெண்ட்: "அதெல்லாம் பொற்காலம்." யாருக்குங்க பொற்காலம்?

துரை குடித்த இடத்துக்குப் படம் இருக்கு. கொட்டகலையில் எங்க தாத்தாமார் குடித்த தவறணைக்கு? எங்கள் வீடுகளில் மிஞ்சியது கல்யாணப் படமும் அடையாள அட்டைப் படமும்தான். கேமரா தோட்டத்துக்கு வராமல் இல்லை. கொழுந்துக் கூடையோடு எங்கள் பாட்டிமாரை நிறுத்திப் படம் பிடித்து போஸ்ட்கார்டாக விற்றார்கள். அதிலும் பெயர் கிடையாது.

படம் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். அந்த இடத்தை ஒரு வசை நிரப்பியிருக்கிறது: "தோட்டத்தான்னா குடிகாரன்தானே. சம்பளத்தைக் கூட்டிக் குடுத்தா தவறணைக்குத்தான் போகும்." 1,000 ரூபாய் கேட்டு நின்றபோதும் இதைத்தான் கேட்டோம்.

சரி, தவறணையை யார் போட்டது? 19ஆம் நூற்றாண்டில் சாராயம் விற்கும் உரிமையைப் பகுதி பகுதியாக ஏலம் விட்டது வெள்ளைக்கார அரசாங்கம். அதிகம் கேட்டவனுக்குக் குத்தகை. குத்தகைக்காரன் போட்ட காசை எடுக்க வேண்டுமானால் கூலி வாங்குகிற கை வேண்டும். தோட்டங்களில் அது ஆயிரக்கணக்கில் இருந்தது. இந்தச் சாராயக் குத்தகையில் சேர்ந்த பணம் இலங்கையின் பெரிய குடும்பங்கள் பலவற்றை எப்படி உருவாக்கியது என்பதை குமாரி ஜயவர்தன விரிவாக எழுதியிருக்கிறார். 1912இல் மதுவரிச் சட்டம் வந்தது. முறை மாறியது, அரசின் வருமானம் நிற்கவில்லை. இன்றைக்கும் பாருக்கு லைசென்ஸ் கொடுப்பது அரசாங்கம்தான். லாபம் அவர்களுக்கு, கெட்ட பெயர் எங்களுக்கு.

குடிக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. காலையில் பெரட்டுக்குப் போய், பகல் முழுக்கக் கொழுந்து பறித்து, ராத்திரி அடியும் வாங்கிய அம்மாமார் எங்கள் லயங்களில்தான் இருக்கிறார்கள். அவர்கள் குடியைத் திட்டட்டும், அது அவர்கள் உரிமை. ஏலம் போட்டவனின் வாரிசுக்கு அந்த உரிமை இல்லை.

அதனால் ஒரு வேலை சொல்கிறோம். வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறங்க. பழைய படம் எதிலாவது பின்னால் ஒரு கடைப் பலகை, கூடி நிற்கிற நாலு பேர் தெரிந்தால், பாட்டியிடம் காட்டிக் கேளுங்க. யார் யார், எந்தத் தோட்டம், எந்த லயம் என்று படத்தின் பின்பக்கம் எழுதி வையுங்க. பாட்டி இருக்கும்போதே எழுதிடணும்.